காரிபூ வீழ்ச்சிக் கோட்டின் முதற்புள்ளி: கெல்சாலின் கணக்கு குறித்து ஒரு மறுவாசிப்பு

கனடாவின் தூந்திரக் காரிபூ மான்களின் இருபதாம் நூற்றாண்டு வரலாறு ஒரே சரிவாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. இயற்கையியலாளர் சீட்டன் அவை 3 கோடி என்றார். கிளார்க் 1940இல் 30 லட்சம் என்றார். 1948–49இல் விமானத்திலிருந்து விரிவாகக் கணக்கெடுத்த பான்ஃபீல்ட் சுமார் 6,70,000 என்றார். 1955இல் அது ஏறத்தாழ 2,80,000 ஆனது. முதல் இரண்டும் உத்தேசங்கள் என்பது துறையினர் அறிந்ததே. எனினும் சரிவு என்ற முடிவு நிலைத்துவிட்டது. அதற்கு முறையான வடிவம் தந்தது ஜான் கெல்சாலின் 1968ஆம் ஆண்டு நூல்.

கெல்சால் கவனமான ஆய்வாளர். சீட்டனின் எண்ணை அவரும் ஏற்கவில்லை. தம் பங்குக்கு அவர் முன்வைத்த தொன்மை எண்ணிக்கை சுமார் 24 லட்சம். இந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதில்தான் எனக்கு அவருடன் முரண்பாடு. மேய்ச்சல் நிலத்தின் பரப்பையும் அது தாங்கக்கூடிய விலங்குகளின் அளவையும் கொண்டு அவர் கணக்கிட்டார். மரக்கால் எவ்வளவு கொள்ளும் என்பதை வைத்து, அதில் எவ்வளவு நெல் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. ஜூன் மாதக் கடுங்காற்றில் மடியும் கன்றுகள், குளிர்கால உணவான லைக்கனை எட்டவிடாமல் இறுகும் பனி, ஓநாய், காட்டுத்தீ, மந்தைகளின் தடமாற்றம் என இடையில் எத்தனையோ இருக்கின்றன. இவற்றில் பலவற்றை நுட்பமாக ஆராய்ந்தவர் கெல்சாலே. ஆனால் தொடக்கப் புள்ளியைக் குறிக்கும்போது மட்டும் நிலம் எப்போதும் நிரம்பியே இருந்தது என்று கொள்கிறார்.

அப்படிக் கொண்டால் குறைவது ஒவ்வொன்றும் இழப்பாகிறது. இழப்புக்கு ஒரு குற்றவாளி தேவைப்படுகிறது. துப்பாக்கி ஏந்திய டெனே, இனுவிட் மக்களின் வேட்டையே முதற்காரணம் என்று கெல்சால் தீர்ப்பளித்தார். நூல் வெளிவருமுன்பே இழப்பு என்ற இந்த அனுமானம் அரசின் நடவடிக்கையாகிவிட்டிருந்தது. 1950களில் ஓநாய்களுக்கு எட்டிக்கொட்டையின் நஞ்சான ஸ்ட்ரிக்னின் கலந்த இரை வைக்கப்பட்டது. 1955இல் மானிடோபாவின் டக் ஏரியருகே கிடந்த மான் உடல்களின் புகைப்படங்கள் வீணடிப்புக்குச் சான்றாகக் காட்டப்பட்டன. அடுத்த ஆண்டு அங்கு வாழ்ந்த சயிசி டெனே மக்கள் விமானத்தில் ஏற்றப்பட்டுச் சர்ச்சில் நகரில் இறக்கிவிடப்பட்டனர். பின்வந்த ஆண்டுகளில் வறுமையிலும் விபத்துகளிலும் வன்முறையிலும் அவர்களில் பலர் மாண்டனர். கனடிய அரசு மன்னிப்புக் கேட்டது 2010இல்தான்.

கெல்சாலின் கோட்டைச் சோதிக்க, அவர் காலத்தில் பயன்படுத்தப்படாத ஒரு சான்று இப்போது உண்டு. வலசைத் தடங்களில் கருப்பு ஸ்புரூஸ் மரங்களின் வேர்கள் தரைமட்டத்தில் ஓடுகின்றன. மானின் குளம்பு பட்டதும் பட்டை உரிந்து, அடியிலுள்ள வளர்திசுவான கேம்பியம் அவ்விடத்தில் சாகிறது. இரு பக்கத்து உயிர்த்திசுவும் ஆண்டுக்கு ஆண்டு மடங்கி வளர்ந்து வடுவை மூட முயல்கிறது. வேரைக் குறுக்கே அறுத்தால், வடுவுக்குப் பின் விழுந்த வளையங்களை எண்ணி, அடிபட்ட ஆண்டைக் கூறலாம். ஸலாட்டன், ஆன் கன், ஹென்றி ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, பாதர்ஸ்ட், பெவர்லி மந்தைகளின் நிலத்தில் இவ்வாறு வடுக்களைத் தொகுத்தது. 1920களில் வடுக்கள் மிகக் குறைவு. 1940களின் நடுவில் மிகுதி. 1950கள் முதல் 1970கள் வரை மீண்டும் குறைவு. 1990களில் மறுபடி மிகுதி. டெனே மக்களில் ஒரு பிரிவினரான த்லிச்சோ முதியோரின் நினைவுகளும் இதனோடு ஒத்துப்போகின்றன.

இதன்படி பான்ஃபீல்ட் எண்ணியது ஓர் உச்சத்தை ஒட்டிய காலத்தில். சரிவு உண்மைதான், அது வெறும் கற்பனை என்போரையும் வேர்கள் ஆதரிக்கவில்லை. ஆனால் 1920களிலும் ஒரு பள்ளம் இருந்திருக்கிறது. அதிலிருந்து மந்தைகள் மீண்டிருக்கின்றன. ஒற்றைச் சரிவாக வரைந்த கோட்டில் இந்த மீட்சிக்கு இடமே இல்லை.

வடுக்களின் எல்லையையும் சொல்ல வேண்டும். அவை காட்டுவது மான்கள் கடந்துசென்ற அடர்வை; எண்ணிக்கையை நேராகக் காட்டுவதில்லை. தடம் மாறினாலும் வடு குறையும். வேர் வளையங்கள் சில ஆண்டுகளில் விடுபடுவதுண்டு; ஆகவே உச்சம் 1944ஆ, 1947ஆ என்று நான் வாதிடப் போவதில்லை. 1949க்கும் 1955க்கும் இடைப்பட்ட வீழ்ச்சியில் இயற்கை ஏற்றத்தாழ்வின் பங்கு எவ்வளவு, வேட்டையின் பங்கு எவ்வளவு, எண்ணிய முறையின் பிழை எவ்வளவு என்பதையும் இச்சான்று பிரித்துக் காட்டாது.

மூன்றாவதான எண்ணும் முறைப் பிழையின் பங்கு சிறியதல்ல என்பதற்குக் கமனிர்ஜுவாக் மந்தை சாட்சி. 1980இல் சுமார் 39,000 என மதிப்பிடப்பட்டது. இரண்டே ஆண்டில் மதிப்பீடு ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஆண்டுக்கு ஒரு கன்று ஈனும் விலங்கு இவ்வளவு வேகமாகப் பெருக முடியாது. மான்கள் வேறு இடத்தில் இருக்கின்றன என்று இனுவிட் வேட்டைக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1982இல் அவர்களுக்கும் இடமளித்துக் கூட்டு மேலாண்மைக் குழு அமைந்தது.

ஏற்றத்தாழ்வு இயற்கை என்பதால் இன்று கைகட்டி இருக்கலாம் என்று பொருளில்லை. பாதர்ஸ்ட் மந்தை 1986இல் சுமார் 4,70,000. 2021இல் ஏறத்தாழ 6,000. 1920களின் பள்ளத்திலிருந்து மந்தைகள் மீண்டபோது அந்த நிலத்தில் வைரச் சுரங்கங்களும் அவற்றுக்கான சாலைகளும் இல்லை. அன்றைய மீட்சியை இன்றைக்கு உத்தரவாதமாகக் கொள்ள இயலாது. எனவே ஒவ்வொரு மேலாண்மைத் திட்டமும் தான் மீட்க நினைக்கும் எண், கண்டு எண்ணியதா, நிலத்தின் கொள்ளளவிலிருந்து பெறப்பட்டதா என்பதை முதலில் அறிவிக்க வேண்டும். கொள்ளளவை வரலாறாகக் கொண்டதற்கு ஒரு சமூகம் விலை கொடுத்துவிட்டது.