சவரமும் எரிச்சலும்

வீட்டில் சவரம் செய்துகொண்டபின் கன்னம் எரிகிறதா? அந்த எரிச்சலுக்கும் ஒரு வரலாறு உண்டு.

பாரிஸ் நகரில் கத்தி செய்பவரான பெர்ரே, நாமே சவரம் செய்துகொள்ளக் கற்பிக்கும் நூல் ஒன்றை 1769-ல் வெளியிட்டார். கத்தி தோலில் ஆழ இறங்காதபடி மரத்தடுப்பும் அமைத்தார். ஆயினும் கத்தியை அடிக்கடி தீட்டியே ஆகவேண்டும். மழுங்கிய கத்தி மயிரை அறுக்காது, பிடித்து இழுக்கும். வேதனை அதில்தான். (பழைய பிளேடைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தவன் நானும்!)

மழுங்கினால் எறிந்துவிடலாமே என்று எண்ணினார் அமெரிக்கரான ஜில்லெட். அவ்வளவு மெல்லிய எஃகுத் தகட்டைக் கடினப்படுத்த முடியாது என்றனர் வல்லுநர்கள். நிக்கர்சன் என்ற பொறியாளர் அதைச் செய்து காட்டினார். 1903-ல் விற்றவை 51 கருவிகள், 168 பிளேடுகளே!

சரி, எஃகைவிட 50 மடங்கு மென்மையான மயிர் பிளேடை எப்படி மழுக்குகிறது? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் இதற்கு விடை கூறினர். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, விளிம்பில் சிறுசிறு சில்லுகள் பெயர்ந்திருந்தன. மயிர் வளைந்து அழுத்தும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடம் உடைகிறது.

நீரில் ஊறிய மயிர் எளிதில் அறுபடும். எனவே வெந்நீரால் முகத்தை இரண்டு மூன்று நிமிடம் நனையவிடுங்கள். பிறகு நுரை பூசி, மயிர் வளரும் திசையிலேயே, அழுத்தாமல் பிளேடை ஓட்டுங்கள்.