தரங்கம்பாடியில் சிறுத்த எழுத்து

டில்லியில் தபால்வழி வரும் தமிழ் ஏட்டைப் பிரிக்கும் நாம், தமிழ் அச்செழுத்தே ஒருகாலத்தில் கப்பலேறி வந்ததென்பதை நினைப்பதில்லை.

1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழில் அச்சேறிற்று. அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1713-இல் சீகன்பால்கு ஐயரின் தரங்கம்பாடி அச்சகத்திற்குச் செருமனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. வார்த்தவர் தமிழறியார், எழுத்துகளோ அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. ஒரு பக்கத்தில் சில வரிகளே அடங்கும். காகிதமோ ஐரோப்பாவிலிருந்து வரவேண்டிய அரும்பொருள். ஆதலின் சிறிய எழுத்துகளை அவ்விடத்திலேயே வார்க்கலாயினர். பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈய உறையை உருக்கினர் என்பாரும் உளர். அந்நாளைய ஈயத் தட்டுப்பாட்டை எண்ணின், அது நம்பத்தக்கதாகவே நமக்குத் தோன்றுகிறது. புதிய ஏற்பாட்டின் முற்பகுதி 1714-இல் ஹாலே எழுத்திலும், எஞ்சியது 1715-இல் நம் மண்ணில் வார்த்த சிற்றெழுத்திலும் வெளிவந்தன.