கரூர் வங்கி சிங்கப்பூர் வங்கியான கதை

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் சேந்தமங்கலத்திலிருந்து நாமக்கல் வழியாகத் தெற்கே போய்க் காவிரியைத் தாண்டினால் கரூர். அந்த ஊரில் 1926-ல் வி.எஸ்.என். ராமலிங்கச் செட்டியார் தலைமையில் ஏழு வியாபாரிகள் சேர்ந்து ஒரு வங்கி தொடங்கினார்கள். அதுதான் லட்சுமி விலாஸ் வங்கி. சுற்றுவட்டார வியாபாரிகளுக்கும் விவசாயிகளுக்கும் சிறுதொழில் செய்பவர்களுக்கும் கடன் கொடுப்பதே நோக்கம். 1960-களில் ஒன்பது சின்ன வங்கிகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு வளர்ந்தது. பிறரை விழுங்கி வளர்ந்த வங்கியை 94 வருடம் கழித்து இன்னொரு வங்கி விழுங்கியது, அதுவும் கடல் கடந்து வந்து!

சரிவு எப்படி வந்தது? தெரிந்த வியாபாரிகளை விட்டுப் பெரிய கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கப் போனதில்தான். மல்விந்தர் சிங், ஷிவிந்தர் சிங் சகோதரர்களின் நிறுவனங்களுக்குக் கொடுத்த சுமார் 720 கோடி ரூபாய் கடன் வராமல் போனது. அதற்கு ஈடாக இருந்த ரெலிகேர் பின்வெஸ்ட் நிறுவனத்தின் வைப்புத்தொகையை வங்கி எடுத்துக்கொள்ள, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகள் விதித்தது. அடுத்த மாதமே இந்தியாபுல்ஸ் ஹவுசிங் பைனான்சுடன் இணையும் திட்டத்தையும் நிராகரித்தது. 2020 மார்ச்சில் கொடுத்த கடனில் நாலில் ஒரு பங்கு வராக்கடன். 2020 செப்டம்பரில் பங்குதாரர்களே கூடி நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களை வாக்களித்து வெளியேற்றினார்கள்.

பிறகு எல்லாம் பத்தே நாளில் முடிந்தது. நவம்பர் 17 அன்று ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை வந்தது. அன்றே சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் இந்திய நிறுவனத்தோடு இணைக்கும் வரைவுத் திட்டமும் வெளியானது. ஆட்சேபம் சொல்ல 20-ம் தேதி வரைதான் அவகாசம். 27-ம் தேதி இணைப்பு அமலுக்கு வந்தது.

டிபிஎஸ் 1968-ல் சிங்கப்பூர் அரசு தொடங்கிய வளர்ச்சி வங்கி. 1994 முதல் இந்தியாவில் இருந்தாலும் கிளைகள் கொஞ்சம்தான். வெளிநாட்டு வங்கி இங்கே கிளை திறப்பது எளிதல்ல. அதனால்தான் அது 2019-ல் இந்தியாவிலேயே பதிவான தனி நிறுவனமாக மாறியிருந்தது. 2,500 கோடி ரூபாய் முதலீடு போட்டதும் 563 கிளைகளும் சுமார் 20 லட்சம் வாடிக்கையாளர்களும் ஒரே நாளில் கைக்கு வந்தன. மலிவான பேரம் என்றே சொல்லவேண்டும்.

வைப்புதாரர்களின் பணம் ஒரு பைசா குறையவில்லை. சுமார் 4,000 ஊழியர்களின் வேலையும் தப்பியது. பங்குதாரர்களுக்குத்தான் இடி. பங்கு மூலதனம் முழுவதும் ரத்து. ஒரு பங்குக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. வங்கியின் பத்திரங்களில் 318 கோடி ரூபாயும் போனது. வங்கியின் சொந்த மூலதனமே சைபருக்குக் கீழே போய்விட்டதால் பங்குக்கு மதிப்பில்லை என்பது ரிசர்வ் வங்கித் தரப்பு. கணக்குப்படி சரிதான். ஆனால் அத்தனை கிளைகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் விலையே இல்லையா என்று கேட்டுப் பங்குதாரர்கள் நீதிமன்றம் போனார்கள்.

ஒரு காலத்தில் நகரத்தார் சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி வைத்து வட்டிக்குக் கொடுத்து வாங்கினார்கள். அன்று தமிழ்நாட்டுப் பணம் கப்பலேறி அங்கே போனது. 2020-ல் சிங்கப்பூர்ப் பணம் கரூருக்கு வந்தது. கிளைகளின் முகப்பில் டிபிஎஸ் பலகை ஏறியது.