விசைப்பலகைக் குறுக்குவழிகள்

சுட்டியை நகர்த்தி, பட்டியைத் திறந்து, அதில் ஒரு வரியைத் தேடிப் பிடித்துச் செய்யும் வேலையை இரண்டு மூன்று விசைகளிலேயே முடிக்கும் வழியை விசைப்பலகைக் குறுக்குவழி என்பர். கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், விண்டோஸ் விசை ஆகியவற்றில் ஒன்றையோ இரண்டையோ அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு விசையைத் தட்டவேண்டும். மேக் கணினியில் கன்ட்ரோலின் வேலையைப் பெரும்பாலும் கமாண்ட் விசை செய்கிறது. முதல் விசையைப் பிடித்திருக்க வேண்டும், அடுத்ததைத் தட்டி விட்டுவிட வேண்டும். இரண்டையும் ஒரே நொடியில் அமுக்கப் பார்ப்பவர்கள்தான் “எனக்கு மட்டும் வேலை செய்யமாட்டேன் என்கிறது” என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

இத்தகைய சேர்க்கைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. சாதாரணப் பயனருக்குப் பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் போதும். அவற்றிலும் விசைப்பலகையின் கீழ் வரிசையில் அடுத்தடுத்து இருக்கும் இசட், எக்ஸ், சி, வி ஆகிய நான்கும் தனி வரலாறு உடையவை.

நான்கு விசைகளின் வரலாறு

வெட்டுதல், ஒட்டுதல் என்பவை பதிப்பகங்களிலிருந்து வந்த சொற்கள். கையெழுத்துப் படியில் ஒரு பத்தியை இடம் மாற்ற வேண்டுமானால் அதைக் கத்தரியால் வெட்டி, வேறு தாளில் பசை தடவி ஒட்டுவார்கள். 1970களின் நடுவில், கலிஃபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ‘ஜிப்சி’ என்ற எழுத்துச் செயலியை உருவாக்கியபோது இந்தப் பழக்கத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள்.

அதற்கு முன் அங்கே புழங்கிய ‘பிராவோ’ செயலியில் ஒரே விசைக்கு நேரத்துக்கொரு பொருள் இருந்தது. ஒரு நிலையில் அது எழுத்து. வேறொரு நிலையில் கட்டளை. கட்டளை நிலையில் இருப்பதை மறந்து ‘எடிட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் முதல் எழுத்து ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுக்கும், இரண்டாவது அதை அழிக்கும், மூன்றாவது “இனி வருவதைச் சேர்” என்று பொருள்படும், நான்காவது மட்டும் திரையில் தனி எழுத்தாக நிற்கும். இப்படி நிலை மாறும் செயலிகளை ஒழிப்பதை டெஸ்லர் தம் வாழ்நாள் வேலையாகவே கொண்டிருந்தார். கார் எண் பலகையில்கூட அதை ஒரு முழக்கமாகப் பொறித்திருந்தார். 1980இல் ஆப்பிளில் சேர்ந்தார். 1983இல் வந்த லிசா, 1984இல் வந்த மெக்கின்டாஷ் கணினிகளின் வழியே இந்த நான்கு விசைகளும் பரவின. விண்டோஸ் தொடக்கத்தில் இன்செர்ட், டெலீட் விசைகளைக் கொண்ட வேறு முறையை வைத்திருந்து, பிறகு இதையும் ஏற்றது. பழைய முறையும் சாகவில்லை: ஷிஃப்ட்டுடன் இன்செர்ட்டைத் தட்டினால் இன்றும் ஒட்டும்.

சி விசை ஆங்கிலத்தில் நகலுக்கான முதலெழுத்து. எக்ஸ், அடித்துத் திருத்தும் பெருக்கல் குறி. வி, இடையில் செருகுவதற்குப் போடும் கூம்புக் குறியின் தலைகீழ் வடிவம். இப்படித்தான் டெஸ்லர் பிற்காலத்தில் விளக்கினார். ஆனால் இவை நிலைத்ததற்குக் காரணம் பெயரைவிட இடம்தான் என்று தோன்றுகிறது. வலக்கை சுட்டியில் இருக்க, இடக்கை அசையாமலே நான்கையும் எட்டிவிடும். தமிழ்99 விசைப்பலகையில் சி இருக்குமிடத்தில் ‘ஒ’, வி இருக்குமிடத்தில் ‘வ’ அமைந்திருப்பது ஒரு வேடிக்கை. ‘ஒ’வைத் தட்டினால் ஒட்டாது, நகலெடுக்கும், ‘வ’வைத் தட்டினால் வெட்டாது, ஒட்டும். யாரும் இதனால் குழம்பியதாகத் தெரியவில்லை. விரலுக்கு எழுத்து வேண்டியதில்லை, இடம் போதும்.

அன்றாடத்துக்கு

கன்ட்ரோல் இசட், கடைசியாகச் செய்ததை ரத்து செய்யும். பலருக்குத் தெரியாத செய்தி: விண்டோஸில் கோப்பை வேறு கோப்புறைக்குத் தவறி இழுத்துவிட்டாலும், குப்பைத்தொட்டிக்கு அனுப்பிவிட்டாலும், உடனே இதைத் தட்டினால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். மூடிய உலாவித் தாவலை மீட்க கன்ட்ரோல், ஷிஃப்ட், டி. திரையில் ஒரு பகுதியை மட்டும் படம்பிடிக்க விண்டோஸ், ஷிஃப்ட், எஸ். இருக்கையை விட்டு எழும்போது விண்டோஸ் விசையுடன் எல், திரை பூட்டிக்கொள்ளும்.

நகலெடுத்தது கிளிப்போர்டு என்னும் தற்காலிக இடத்தில் தங்குகிறது. அங்கே ஒன்றுக்குத்தான் இடம். அடுத்ததை நகலெடுத்ததும் முந்தையது போய்விடும். வெட்டிவைத்த பத்தியை ஒட்டுவதற்குள் வேறொன்றை நகலெடுத்து, பத்தியைப் பறிகொடுக்காதவர்கள் குறைவு. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு இதற்கு வழி செய்தது. விண்டோஸ் விசையுடன் வி தட்டி அந்த வசதியை ஒருமுறை இயக்கிவிட்டால், கடைசி 25 நகல்கள் வரை பட்டியலாகக் கிடைக்கும். பிரவுசிங் சென்டர் கணினியில் இதே வசதி ஆபத்து: நீங்கள் நகலெடுத்த கடவுச்சொல் அடுத்து வருபவர் கண்ணில் படலாம்.

குரோம் போன்ற உலாவிகளில் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி தட்டினால் எழுத்து மட்டும் ஒட்டும். மூலப் பக்கத்தின் நிறமும் அளவும் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொள்ளாது.

தமிழில் தட்டும்போது

விண்டோஸில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற, விண்டோஸ் விசையுடன் இடைவெளிப் பட்டையைத் தட்டவேண்டும். ‘கோ’ என்று எழுதிவிட்டு பேக்ஸ்பேஸ் தட்டினால் துணைக்குறி மட்டும் போய் ‘க’ நிற்கும்; அந்த எழுத்துக்கு முன்னே கர்சரை வைத்து டெலீட் தட்டினால் எழுத்து முழுவதும் போகும். குறில், நெடில் பிழையைத் திருத்த முதலாவதுதான் வசதி.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை வாட்ஸப்பில் ஒட்டினால், ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி எனப் பல்லிளிக்கும். நகலெடுத்ததில் கோளாறு இல்லை. அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்தியிருந்தது, ஒட்டிய இடத்தில் போர்வை நழுவிவிட்டது. முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கன்ட்ரோல் எஃப் தேடலில் வரும் சிக்கல் இன்னும் நுட்பமானது. ‘கொ’ என்பதன் துணைக்குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இரண்டையும் சமமாகக் கொள்ளாத செயலி, கண்முன் இருக்கும் சொல்லையே இல்லை என்று சாதிக்கும். காலுக்குப் பதில் ‘ர’ தட்டியிருந்தாலும் இதே கதைதான். ‘ஔவையார்’ கிடைக்காவிட்டால், ‘ஒ’வுக்குப் பக்கத்தில் தனி ‘ள’ போட்டும் ஒருமுறை தேடிப் பார்க்கலாம்; பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்.