றெபேக்காவும் றோட்டுக் காசும்

றோட்டில ஓடக் காசு கேட்டால் சனம் கத்தும் என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். வேல்ஸ் நாட்டு விவசாயிகள் கத்தவில்லை, கோடரியோடு போனார்கள்.

1839 மே 13 இரவு எஃபைல்வென் என்ற ஊரில் சுங்கக் கேற் ஒன்று உடைக்கப்பட்டது. உடைத்தவர்கள் முகத்தில் கரி பூசி, பொம்பிளை உடுப்புப் போட்ட ஆம்பிளையள். தலைவருக்குப் பெயர் 'றெபேக்கா'. பைபிளில் றெபேக்காளின் சந்ததி பகைவரின் வாசல்களைப் பிடிக்கட்டும் என்று ஒரு வாழ்த்து வருகிறதே, அதிலிருந்து வந்த பெயர் என்பார்கள்.

வாடகை, தேவாலய வரி என்று கோபத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் அன்றாடம் உறுத்தியது சுண்ணாம்பு. அந்தப் புளிப்பு மண்ணுக்கு அது போடாமல் பயிர் சரிவராது. வண்டியில் ஏற்றி வந்தால், றோட்டுகளைப் பொறுப்பெடுத்திருந்த ட்ரஸ்டுகள் ஆளுக்கொரு கேற் போட்டு, ஒரே சுமைக்குத் திரும்பத் திரும்பக் காசு அறவிட்டன.

வேஷம் போட்டுத் தொடங்கினது விளையாட்டாய் முடியேல்ல. 1843 செப்ரெம்பரில் ஹென்டி கேற்றைக் காத்த சாரா வில்லியம்ஸ் என்ற வயோதிபப் பெண் கொல்லப்பட்டார். றெபேக்காவை வீரக்கதையாகச் சொல்பவர்கள் இந்த இடத்தைக் கெதியாகக் கடந்துவிடுகிறார்கள். எங்களால் முடியவில்லை. அந்தக் காசு அவருடைய பைக்குள்ளா போனது?

லண்டன் படையையும் அனுப்பியது, விசாரணைக் குழுவையும் அனுப்பியது. 1844ஆம் ஆண்டுச் சட்டம் ட்ரஸ்டுகளின் றோட்டுகளை மாவட்டச் சபைகளிடம் கொடுத்து, கட்டணத்தை ஒரே சீராக்கி, சுண்ணாம்புக்கான காசைப் பாதியாக்கியது. சனம் இலவச றோட்டுக் கேட்கவில்லை என்றுதான் எங்களுக்குப் படுகிறது. ஏனென்றால் அதற்குப் பிறகும் கேற்றுகள் நின்றன, வண்டிக்காரர் காசு கட்டினார்கள், கோடரிகள் வீட்டிலேயே கிடந்தன.