உல்லாசக் கப்பலுக்குச் சொந்த மது போத்தல்: ஏறும் முன் அறிய வேண்டியவை

ரவாங்: விமானத்தில் கைப்பையில் தண்ணீர் போத்தலைக்கூட விடமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். கப்பலில் அந்தக் கெடுபிடி இருக்காது என்று எண்ணி, பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒரு விஸ்கி போத்தலைச் சுருட்டி வைப்பவர்கள் உண்டு. அந்தப் போத்தல் பெரும்பாலும் கப்பல் அறை வரை போய்ச் சேர்வதில்லை.

ஒரு காலத்தில் கப்பல் என்றால் இங்குள்ள தமிழர்களுக்கு ரஜுலா தான். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் பலர். அந்த போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. இன்று அதே துறைமுகப் பகுதியில், பூலாவ் இண்டாவில் உள்ள முனையத்துக்கு உல்லாசக் கப்பல்கள் வருகின்றன. சிங்கப்பூரில் ஏறுபவர்களும் இருக்கிறார்கள். ரவாங், பத்து ஆராங், பெஸ்தாரி ஜெயா, கோலசிலாங்கூர் வட்டாரக் குடும்பங்கள் சேர்ந்து பணம் போட்டுப் போகும் இந்தப் பயணத்தில், முதல் நாளே சண்டையில் தொடங்க ஒரு போத்தல் போதும்.

பொது விதி என்ன?

எல்லாக் கப்பலுக்கும் ஒரே சட்டம் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென விதி வைத்திருக்கிறது. ஆனாலும் விஸ்கி, பிராந்தி, ரம், வோட்கா போன்ற கடும் மதுவைப் பயணிகள் கொண்டுவரப் பெரிய நிறுவனங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. பல கப்பல்களில் பீருக்கும் அதே நிலைதான்.

சில நிறுவனங்கள் வைனுக்கு மட்டும் விலக்கு அளிக்கின்றன. சிங்கப்பூரிலிருந்தும் கப்பல் விடும் ராயல் கரீபியன், குடிக்கும் வயது வந்த ஒவ்வொருவரும் ஏறும் நாளில் 750 மில்லிலிட்டர் கொண்ட, முத்திரை உடைக்காத ஒரு வைன் அல்லது ஷாம்பேன் போத்தலைக் கொண்டுவர அனுமதிக்கிறது. கார்னிவல் நிறுவனத்தின் விதியும் ஏறக்குறைய இதுவே. நோர்வீஜியன் நிறுவனம் வைனை அனுமதித்து, போத்தலுக்கு இவ்வளவு என்று திறப்புக் கட்டணம் வாங்குகிறது.

ஆசிய நீர்ப்பரப்பில் ஓடும் கப்பல்களில் வைனும் கூடாது என்ற விதி இருக்கலாம். விதிகள் அடிக்கடி மாறுவதால், போன வருடம் போய்வந்தவர் சொன்னதை நம்பிப் புறப்படக் கூடாது. பயணச் சீட்டோடு வரும் நிபந்தனைகளில் மதுவுக்குத் தனிப் பகுதி இருக்கும். அதைப் படித்துப் பார்க்க வேண்டும், அல்லது சீட்டு விற்ற முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பெட்டியைத் திறக்காமலே தெரிந்துவிடும்

முனையத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு, மாலையில் அறை வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். இடையில் அவை எக்ஸ்ரே இயந்திரத்தின் வழியாகப் போகும். போத்தல் தெரிந்தால் அந்தப் பெட்டி அறைக்கு வராது. உரியவரைக் கூப்பிட்டு, அவர் முன்னிலையில் பெட்டியைத் திறப்பார்கள். மனைவி, மக்கள், மாமனார் எல்லாரும் உடை மாற்றிச் சாப்பிடப் போயிருக்க, ஒருவர் மட்டும் பாதுகாப்பு அறையில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

முத்திரை உடைக்காத போத்தலாக இருந்தால், ரசீது கொடுத்து வைத்திருந்து பயண முடிவில் திருப்பித் தரும் கப்பல்கள் உண்டு. சில கப்பல்கள் திருப்பித் தருவதில்லை. தண்ணீர் போத்தல், குளிர்பான போத்தல், வாய் கொப்பளிக்கும் மருந்துப் போத்தல் ஆகியவற்றில் மதுவை ஊற்றி மறைத்துக் கொண்டுவந்தால் அது கொட்டப்படும். இது பழைய தந்திரம் என்பதால், இப்படிப்பட்ட போத்தல்களைத் திறந்து பார்க்கும் உரிமையை நிறுவனங்கள் தங்கள் நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கின்றன. மீண்டும் மீண்டும் மீறுபவரை அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடவும் நிபந்தனையில் இடமுண்டு. அங்கிருந்து வீடு திரும்பும் செலவு அவருடையது.

வீட்டில் செய்த சரக்கு, தென்னங்கள், பெயர்த்தாள் இல்லாத போத்தல் எதுவும் எந்தக் கப்பலிலும் ஏறாது. கள் மூடிய போத்தலுக்குள்ளும் புளித்துக்கொண்டே இருக்கும். வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கவும் கூடும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

முதல் காரணம் பணம். சீட்டின் விலையைக் குறைத்து வைத்துவிட்டு, மது, சூதாட்டம், கடை ஆகியவற்றில் சம்பாதிப்பது இந்தத் தொழிலின் வழக்கம். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

ஆனால் காரணம் அது மட்டுமல்ல. மதுக்கூடத்தில் ஒருவர் எவ்வளவு குடித்தார் என்பது அவரது அறை அட்டையில் பதிவாகும். அளவு மீறினால் பணியாளர் ஊற்றுவதை நிறுத்தலாம். அறைக்குள் தனியாகக் குடிப்பவருக்கு அந்தத் தடை இல்லை. அறைக்கு வெளியே பால்கனியும், அதற்குக் கீழே கடலும் இருக்கின்றன. இரவில் கடலில் விழுந்தவரைக் கண்டுபிடித்துத் தூக்குவது மிகக் கடினம்.

கப்பலில் மருத்துவரும் தாதியரும் இருப்பார்கள். மயங்கியவரைக் கவனிக்கவும் காயத்துக்குத் தையல் போடவும் அவர்களால் முடியும். நகரத்துப் பெரிய மருத்துவமனையில் உள்ள எல்லா வசதியும் அங்கே கிடையாது. சிகிச்சைச் செலவும் அறைக் கணக்கில் ஏறும். குடிபோதையில் நேர்ந்த விபத்துக்குப் பயணக் காப்புறுதிகள் பெரும்பாலும் பணம் தருவதில்லை.

சிலாங்கூர் மறக்கக் கூடாத 2018

'வெளியிலிருந்து வரும் போத்தலில் என்ன இருக்கிறது என்று கப்பலுக்குத் தெரியாது' என்பதும் ஒரு காரணம். இதன் அருமை சிலாங்கூர் மக்களுக்குப் புரிய வேண்டும். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதிகளில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலேசியர்களோடு நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் தொழிலாளர்களும் அதில் அடங்குவர்.

மெத்தனால் என்பது தொழிற்சாலைகளில் பயன்படும் ஒருவகைச் சாராயம். நிறமோ சுவையோ காட்டிக்கொடுக்காது. உடலுக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். குடித்தவுடன் சாதாரண போதைபோலவே இருக்கும். பல மணி நேரம் கழித்து, சில வேளைகளில் மறுநாள், வாந்தி, வயிற்றுவலி, மங்கலான பார்வை, வேகமான மூச்சு ஆகியவை தொடங்கும். மாற்று மருந்தும், தேவையானால் இரத்தச் சுத்திகரிப்பும் விரைவாகக் கிடைத்தால் காப்பாற்ற முடியும். கரையில் இருப்பவரை ஆம்புலன்சில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். நடுக்கடலில் இருப்பவருக்கு அடுத்த துறைமுகம் வர வேண்டும்.

மலிவு மது தோட்டத்துக்குப் புதிதல்ல. தோட்டத்துக் கள்ளுக்கடையும் அதற்குப் பின் சம்சுவும் எத்தனை வீட்டுச் சம்பளத்தைத் தின்றன என்பது பெரியவர்களுக்குத் தெரியும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. இன்றும் சந்தை விலையைவிடப் பாதி விலைக்குக் கிடைக்கும் போத்தலை வாங்குபவர், வரி கட்டாத சரக்கையோ கலப்படச் சரக்கையோ வாங்குகிறார். கப்பலுக்கு மட்டுமல்ல, வீட்டு விருந்துக்கும் அது வேண்டாம்.

தினமும் குடிப்பவர் உடன் வந்தால்

'மூன்று நாள் கடலில் இருந்தால் அப்பாவுக்குக் குடி மறந்துவிடும்' என்று நினைத்து, அவரிடம் சொல்லாமல் போத்தலை வீட்டிலேயே விட்டுவிட்டு வரும் பிள்ளைகள் உண்டு. நல்லெண்ணம்தான். ஆனால் இதில் ஆபத்து இருக்கிறது.

பல வருடமாகத் தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் உடல் தாங்காது. சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் பிதற்றலும், இல்லாததைக் காண்பதும் ஏற்படும். அது உயிருக்கே ஆபத்தான நிலை.

அப்படிப்பட்டவர் உடன் வருவதானால், பயணத்துக்குச் சில வாரம் முன்பே அரசாங்கக் கிளினிக்கிலோ குடும்ப மருத்துவரிடமோ காட்டி, உண்மையைச் சொல்லி ஆலோசனை கேட்க வேண்டும். மருந்து கொடுத்துப் படிப்படியாக நிறுத்தும் வழி உண்டு. நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும், கடல் குமட்டலுக்கு மாத்திரை போடுபவர்களும் மதுவோடு அதைச் சேர்க்கலாமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. குமட்டல் மாத்திரைகள் பல தூக்கம் வரவழைப்பவை. மது அதைக் கூட்டும்.

குடியை விட்டவர்களுக்கும் ஒரு தகவல். பல உல்லாசக் கப்பல்களின் அன்றாட நிகழ்ச்சி நிரலில் 'பில் டபிள்யூவின் நண்பர்கள்' என்று ஒரு கூட்டம் ஆங்கிலத்தில் போடப்பட்டிருக்கும். அது குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டம். யாரும் போய் உட்காரலாம்.

இடையில் வாங்கும் போத்தலும் சுங்கமும்

கப்பல் நிற்கும் ஊர்களில் மது வாங்கலாம். ஆனால் திரும்பி ஏறும்போது அதை வாங்கி வைத்துக்கொண்டு, கடைசி நாளில்தான் கையில் தருவார்கள். கப்பலின் வரியில்லாக் கடையில் வாங்கியதற்கும் பொதுவாக இதுவே வழக்கம். துறைமுகத்தில் நிற்கும்போது அந்தக் கடை மூடியிருக்கும். வரி கட்டாத சரக்கை நாட்டின் எல்லைக்குள் விற்கக் கூடாது என்பதே காரணம்.

வீடு திரும்பும்போது சுங்கத் துறையின் கணக்கு வருகிறது.

மலேசியா: ஒருவருக்கு மொத்தம் 1 லிட்டர் வரை வரி இல்லை. வைன், பீர், விஸ்கி எல்லாம் சேர்ந்தே 1 லிட்டர். குறைந்தபட்ச நேரம் நாட்டுக்கு வெளியே இருந்தவருக்கே இந்தச் சலுகை. ஓரிரு இரவில் திரும்பும் பயணத்துக்கு அது கிடைக்காது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

லங்காவி: 1987 முதல் வரியில்லாத் தீவு. ஆனால் குறைந்தது 48 மணி நேரம் தங்கியவருக்கே சலுகை. காலையில் இறங்கி மாலையில் ஏறும் கப்பல் பயணிக்கு அது பொருந்தாது.

சிங்கப்பூர்: மலேசியாவிலிருந்து நுழைபவருக்கு மதுவில் வரி விலக்கு அறவே கிடையாது. ரவாங்கிலிருந்து பேருந்தில் போய் சிங்கப்பூரில் கப்பல் ஏறுபவர், கையில் உள்ள ஒரே ஒரு வைன் போத்தலையும் சோதனைச் சாவடியில் அறிவித்து வரி கட்ட வேண்டும். கப்பல் அனுமதிக்கிறது என்பதால் சுங்கம் விட்டுவிடாது.

தாய்லாந்து, இந்தோனேசியா: ஒருவருக்கு 1 லிட்டர். இந்தியாவுக்குப் போகிறவருக்கு 2 லிட்டர்.

பிள்ளைகளின் பங்கையும் சேர்த்துக் கணக்குப் போட முடியாது. சலுகை பெரியவர்களுக்கு மட்டும். அளவுக்கு மேல் இருந்தால் தானாக முன்வந்து அறிவித்து வரி கட்டினால் அதோடு முடிந்துவிடும். மறைத்துப் பிடிபட்டால் அபராதமும் பறிமுதலும் வரும்.

வயது வரம்பும் ஊருக்கு ஊர் மாறும். மலேசியாவில் 2017 டிசம்பர் 1 முதல் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாது. தாய்லாந்தில் 20, சிங்கப்பூரில் 18. கப்பலில் எந்த வயது என்பதை நிறுவனமே முடிவு செய்யும். 19 வயது மகனுக்குத் தகப்பன் தன் அட்டையில் பீர் வாங்கிக் கொடுத்தால், இருவருக்கும் மது நிறுத்தப்படலாம்.

செலவைக் குறைக்க

கப்பலில் மது விலை அதிகம். அதற்கு மேல் சேவைக் கட்டணமும் சேரும். கணக்கு பெரும்பாலும் சிங்கப்பூர் வெள்ளியிலோ அமெரிக்க டாலரிலோ ஓடும் என்பதால், ரிங்கிட்டில் மாற்றிப் பார்க்கும்போதுதான் உறைக்கும். அன்றாடம் ஒரு தொகை கட்டி வேண்டிய அளவு குடிக்கும் திட்டம் சில கப்பல்களில் உண்டு. ஒரே அறையில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் அதை வாங்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல இடங்களில் சேர்ந்தே வரும். குடிக்காத மனைவிக்கும் சேர்த்துக் கட்ட நேர்ந்தால் லாபம் இல்லை. கட்டிய காசுக்குக் குடித்தாக வேண்டும் என்ற எண்ணமும் நல்லதல்ல.

அறைக் கணக்குக்கு ஓர் உச்ச வரம்பு போடும்படி வரவேற்பு முகப்பில் கேட்கலாம். தினமும் மாலையில் அன்றைய கணக்கைப் பார்த்துக்கொண்டால், கடைசி நாளில் குடும்பத்துக்குள் வாக்குவாதம் வராது.

புறப்படும் முன் சரிபார்க்க

சீட்டு நிபந்தனையில் மதுவைப் பற்றிய பகுதியைப் படிக்கவும். வைன் அனுமதி இருந்தால் முத்திரை உடைக்காத போத்தலை, வாங்கிய ரசீதோடு கைப்பையில் வைத்து, கேட்கும் முன்பே காட்டவும். அனுமதி இல்லையென்றால் வீட்டிலேயே விடவும். வேறொருவர் கொடுத்தனுப்பும் போத்தலைக் கட்டாயம் வாங்க வேண்டாம். தினமும் குடிப்பவர் உடன் வந்தால் முதலில் மருத்துவரைப் பார்க்கவும். மாத்திரைகளைப் பெயர்த்தாளோடு, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வைக்கவும்.

ரவாங்கிலிருந்து கேடிஎம் கொம்யூட்டரில் கிள்ளான் துறைமுக நிலையம் வரை போக வழி உண்டு. கப்பல் முனையம் பூலாவ் இண்டா தீவில் இருப்பதால் அங்கிருந்து வாகனம் பிடிக்க வேண்டும். ஏறும் நேரத்துக்குச் சில மணி முன்பே போய்ச் சேர்வது நல்லது. பெட்டியில் போத்தல் இல்லாதவருக்குச் சோதனை சீக்கிரம் முடியும்.