16 இலிருந்து 13 க்கு: கைத்துப்பாக்கி மெகசினின் மேம்பாட்டை எண்ணிக்கையால் அளக்கலாமா?

கைத்துப்பாக்கி மெகசினின் வரலாற்றை ஏறுவரிசை எண்களாக எழுதும் வழக்கம் ஆய்வாளரிடையே வேரூன்றியிருக்கிறது. 1911 ஆம் ஆண்டின் கோல்ட்டில் 7 ரவைகள், 1935 ஆம் ஆண்டின் பிறவுணிங் ஹைபவரில் 13, 1970களின் பெரெட்டா 92 இல் 15, 1982 இல் ஒஸ்திரியப் படை ஏற்றுக்கொண்ட குளொக்கில் 17. எண் உயர உயர வடிவமைப்பும் மேம்பட்டது என்பதே இந்த வாசிப்பின் சாரம். கோல்ட்டுக்கு முன்பே வந்த லூகரில் 8 ரவைகள் இருந்தன என்ற சிறு முரணை அது பொருட்படுத்துவதில்லை. ஹைபவரின் உருவாக்கத்திலேயே இருக்கும் பெரிய முரணையும் அது கண்டுகொள்ளவில்லை. அந்தத் துப்பாக்கியின் தொடக்க மாதிரி 16 ரவைகள் கொண்டது. 1931 அளவில் அது 13 ஆகக் குறைக்கப்பட்டது. இந்தக் குறைப்பே மேம்பாடு என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

பிரெஞ்சுப் படை கேட்டது கச்சிதமான, குறைந்தது 10 ரவைகள் கொள்ளும் கைத்துப்பாக்கி. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் அதை ஜோன் பிறவுணிங்கிடம் ஒப்படைத்தது. இரட்டை அடுக்கு மெகசினை வடிவமைத்தவர் அந்நிறுவனத்தின் டியூடோனே சேவ். பிறவுணிங் யூட்டாவில் செய்த இரு மாதிரிகளும் சேவின் மெகசினை ஏற்றே அமைந்தன. காப்புரிமைக்கு 1923 ஜூன் 28 இல் விண்ணப்பிக்கப்பட்டது. அது வழங்கப்பட்டது 1927 பெப்ரவரி 22 இல். பிறவுணிங் 1926 நவம்பரிலேயே லியேஜில் காலமாகிவிட்டார். பத்திரத்தில் அவர் பெயர் மட்டுமே இருப்பதால் முழுத் துப்பாக்கியையும் அவருடைய இறுதிப் படைப்பாகக் கொள்வோர் உள்ளனர். காப்புரிமைப் பத்திரம் உரிமையை நிலைநாட்ட எழுதப்படுவது. ஒரு பொருளின் எந்தப் பகுதி யார் கையில் உருவானது என்பதற்கு அதை மட்டும் சான்றாகக் கொள்ள முடியாது. போதாததற்கு, அதன் படத்திலுள்ள துப்பாக்கிக்கு வெளிச் சுத்தியலே இல்லை. 1935 இல் வெளிவந்ததற்கு உண்டு. இடைப்பட்ட ஆண்டுகளின் உழைப்பு சேவினுடையது.

இனி அந்த 1931 ஆம் ஆண்டு மாற்றம். அதை விட்டுக்கொடுப்பாகப் பார்ப்பதே வழக்கம்: கைப்பிடியைச் சுருக்க மூன்று ரவைகள் பலியிடப்பட்டன என்பர். சேவின் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மெகசினின் நீளம் குறைந்த அதே கட்டத்தில்தான் கைப்பிடியின் பின்புறமும் வளைவு பெற்றது. இரண்டையும் ஒரே முடிவின் இரு பக்கங்களாகவே படிக்க வேண்டும். கேட்டவர் கேட்டது 10. பதினாறும் பதின்மூன்றும் அந்த வரம்பைத் தாண்டியவை. ஆகவே எண்ணிக்கை அங்கே தீர்க்க வேண்டிய சிக்கலாக இருக்கவில்லை. இரு வரிசை ரவைகளால் தடித்துவிட்ட கைப்பிடி உள்ளங்கைக்குள் அடங்குமா என்பதே சிக்கல்.

இதற்கான விடை மெகசினின் கழுத்தில் இருக்கிறது. எமக்கு அண்மையான ஓர் எடுத்துக்காட்டில் அதைக் காணலாம். கல்முனை, அக்கரைப்பற்று உள்ளிட்ட எமது கிழக்குக் கரை 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிகாக்கும் படையைக் கண்டது. அப்படையின் நியமக் கைத்துப்பாக்கி, இஷாப்பூர் தொழிற்சாலையின் 9 மி.மீ. 1ஏ. கனடாவின் இங்லிஸ் நிறுவனம் செய்த ஹைபவரின் வழிவந்தது அது. அதன் மெகசினும் 13 ரவைகள் கொண்டதே. அந்த உருக்குக் கூட்டின் கீழ்ப்பகுதியில் ரவைகள் இடமும் வலமுமாக மாறிமாறிச் சாய்ந்து நிற்கும். மேலே வரவரக் கூட்டின் தோள் ஒடுங்கும். வாயின் இரு உதடுகளுக்கிடையே நிற்பது ஒரே ஒரு ரவை, நட்டநடுவில். எந்த வரிசையிலிருந்து வந்தாலும் அடுத்த ரவை அதே இடத்திற்கே ஏறுவதால், குழலுக்குள் செல்லும் பாதை ஒன்றே போதும். மேற்பகுதியும் ஒல்லியாகவே இருக்கலாம்.

இந்த ஒடுக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. இரு வரிசைகள் ஒன்றாகும் இடத்தில் ரவைகள் ஒன்றையொன்று நெருக்கி உராய்கின்றன. இரண்டாம் உலகப் போரின் ஸ்டென் துப்பாக்கியும் இதே வகை மெகசினைக் கொண்டது. 32 ரவைகளுக்கான அதன் மெகசின் சிக்கிக்கொள்வதில் பேர்பெற்றது; முழுதாக நிரப்பாமல் சில ரவைகளைக் குறைத்தே போட்டனர். கழுத்து ஒடுங்கிய மெகசினில் அடுக்கு நீள நீள வில்லின் சுமையும் உராய்வும் கூடும் என்பதால், 13 என்ற குட்டையான அடுக்கை இழப்பு என்று எழுதுவது எனக்கு ஏற்புடையதன்று.

மறுப்புகள் இல்லாமலில்லை. 1896 ஆம் ஆண்டின் மவுசரில் இரட்டை அடுக்கு இருந்ததே என்பர். அது விசைக்கு முன்னால் பொருத்தப்பட்டிருந்த, மேலிருந்து நிரப்பும் பெட்டி. கைப்பிடியின் தடிமன் அங்கே கேள்வியாகவே எழவில்லை. 1907 ஆம் ஆண்டின் சாவேஜ் கனமான மறுப்பு. கைப்பிடிக்குள் செருகும் இரட்டை அடுக்கு மெகசின் அதில் உண்டு, 10 ரவைகளுடன். எனவே ‘முதன்முதலில்’ என்ற சொல்லைச் சேவுக்குத் தர முடியாது, தரவும் தேவையில்லை. சாவேஜ் சுட்டது வலுக் குறைந்த .32 ரவையை. அதைவிட நீளமும் வலுவும் கூடிய 9 மி.மீ. பராபெல்லத்தைப் படைத்துறைக் கைத்துப்பாக்கியின் பிடிக்குள் அடக்கியதே சேவின் சாதனை. பிரெஞ்சுப் படை இறுதியில் 8 ரவைகள் கொண்ட 1935 மாதிரியைத் தேர்ந்ததை அவருடைய தோல்வியாகக் காட்டுவோரும் உள்ளனர். ஒரு படையின் கொள்வனவு முடிவு வடிவமைப்பின் தரத்துக்கு அளவுகோலாகாது.

2018 இல் வந்த சிக் பி365 இன் மெகசின் முழு இரட்டை அடுக்கும் அன்று, ஒற்றை அடுக்கும் அன்று. இடைப்பட்ட அகலத்தில் 10 ரவைகளைச் சிறு கைப்பிடிக்குள் அது அடக்குகிறது. குளொக்கின் 17 க்குப் பின் வந்த இப்பத்தைப் பின்னடைவு என்று யாரும் எழுதவில்லை. 1931 ஆம் ஆண்டுக் குறைப்புக்கும் அதே நியாயம் வழங்கப்பட வேண்டும். படைக்கல வரலாற்றைத் தமிழில் எழுத முன்வரும் மாணவர்கள் கொள்ளளவோடு கூட்டின் அகலத்தையும், தோள் ஒடுங்கும் உயரத்தையும், உதடுகளின் இடைவெளியையும் அளந்து பதிய வேண்டும்.